செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அக்கா, உறுப்பினர்களே, வணக்கம்.

நாம் குடியிருக்கும் இந்த வர்ஜீனியா ரிச்மண்ட் நகரில் கறுப்பினப் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும், பொதுவாழ்வுக்கு வரும் கறுப்பினப் பெண்களுக்கும் நம்மால் முடிந்ததைச் செய்வது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். "தமிழ்ச் சங்கத்துக்கு இது எதற்கு?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். தலைவர் அன்றைக்கே பதில் சொன்னார். கமலா ஹாரிஸின் அம்மா, தமிழரான சியாமளா கோபாலன், கலிபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரு பாலர் பள்ளியின் மாடியில் குடியிருந்தார். அந்தப் பள்ளியை நடத்திய ரெஜினா ஷெல்டன் என்ற கறுப்பினப் பெண்மணிதான் அம்மா வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். 2021இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராகப் பதவியேற்றபோது கை வைத்த பைபிள்களில் ஒன்று ஷெல்டன் அம்மாவுடையது. கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்த வீடியோவை அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் போட்டோம்! ஷெல்டன் அம்மாவின் பெயரை ஒருவரும் எழுதவில்லை, நான் உட்பட.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வருகைப் பதிவேடு மேசையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரலில் இந்நகரின் பழைய கறுப்பினக் குடியிருப்பான ஜாக்சன் வார்டுக்குப் போனோம். லீ தெருவில் உள்ள, வங்கி தொடங்கிய கறுப்பினப் பெண்மணி மேகி லீனா வாக்கர் வீட்டைப் பார்ப்பதுதான் நோக்கம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதைப் பார்க்காமல் நாள் குறித்தது என் தவறு. பூட்டிய கதவுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிராட் தெருவில் 2017இல் வைத்த அவர் சிலையருகே உட்கார்ந்து கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். அங்கேதான் உருப்படியான பேச்சு நடந்தது.

வாக்கர் அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவரின் மகள். தலையில் சலவைக் கூடையோடு பிறந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். நோய்க்கும் சாவுக்கும் உறுப்பினர்களுக்கு உதவ, சந்தா வாங்கி நடத்தப்பட்ட செயின்ட் லூக் சங்கத்தில் 1899இல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பதவியின் பெயரே 'செயலாளர்' என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். அவர் பொறுப்பேற்றபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். 1902இல் பத்திரிகை, 1903இல் வங்கி. பென்னி சேவிங்ஸ் என்ற பெயருக்கு ஏற்ப, சலவைக்காரப் பெண்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் சில்லறையாகக் கொண்டுவந்து போட்ட காசில் வளர்ந்த வங்கி. நம் ஊர்ச் சீட்டுப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

வங்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எனக்கு உறைத்தது அவருடைய கடை. 1905இல் பிராட் தெருவில் பலவகைப் பொருள்களும் விற்கும் ஒரு பெரிய கடை திறந்தார். கறுப்பினப் பெண்களுக்கு விற்பனையாளர் வேலை கொடுத்தார். வெள்ளைக்கார வியாபாரிகள் மொத்த வியாபாரிகளை மிரட்டிச் சரக்கு கிடைக்காமல் செய்யப் பார்த்தார்கள். அதைவிட வருத்தம், சொந்த ஜனங்களே போதுமான அளவு வந்து வாங்கவில்லை. அவர் மேடையில் கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. வங்கியோ 1930இன் பொருளாதார நெருக்கடியில்கூட மற்ற வங்கிகளோடு இணைந்து நின்றது.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. பொங்கல் விழாவுக்கு இந்த நகரில் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யும் ஒரு கறுப்பினப் பெண்மணியிடம் சாப்பாடு சொன்னோம். காராமணி, இறைச்சி சேர்க்காத காலர்டு கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை. புகையிட்ட இறைச்சி இல்லாமல் அந்தக் கீரையைச் செய்வது அவருக்கு நம் பாட்டிமார் வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைப்பதுபோல. ஆனாலும் செய்தார், பாத்திரம் காலி. மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டோம். அப்புறம் பணம் கொடுக்க ஏழு வாரம் ஆக்கினோம். செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், பொருளாளர் சென்னையில் இருந்தார், நான் அசட்டையாக இருந்தேன். அவர் இரண்டு முறை மரியாதையாக மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாவது முறை, கிரெடிட் கார்டில் வாங்கிய மளிகைக்கு வட்டி ஏறுகிறது என்று எழுதினார். சால்வையை வைத்து வட்டி கட்ட முடியாது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, பாக்கியோடு வட்டியையும் கொடுத்தோம். இனி பாதி முன்பணம், மீதி விழா அன்றே என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் போட்டி வைத்து ஒரு நிதியுதவி தரும் யோசனையும் வந்தது. நம் உறுப்பினரான வழக்கறிஞர் தடுத்தார். அட்லாண்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் இப்படி 20,000 டாலர் கொடுத்துவந்தது. இது இனப் பாகுபாடு என்று அதன்மேல் 2023இல் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல, செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டமே மூடப்பட்டது. வழக்குக்குக் கைக்கொண்ட சட்டம் எது தெரியுமா? அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் மற்றவர்களைப்போல ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று 1866இல் வந்த சட்டம். இதைக் கேட்டுக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சரி, நிதி வேண்டாம், ஆர்டர் கொடுப்போம் என்று முடிந்தது. விழா அழைப்பிதழ் அச்சடிப்பும் தீபாவளி அலங்காரமும் அப்படித்தான் கைமாறின. பழைய அச்சகத்தாருக்கு என்மேல் கொஞ்சம் கோபம்.

பொதுவாழ்வுப் பக்கம் செய்தது குறைவு. வரிவிலக்குப் பெற்ற சங்கம் என்பதால் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு தர முடியாது. நவம்பரில் ஷெர்லி சிஸம் நூற்றாண்டுக் கூட்டம் நடத்தினோம். 1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண், 1972இல் அதிபர் வேட்பாளர் களத்தில் நின்றவர், அதற்கெல்லாம் முன்பு குழந்தைகள் காப்பகத்தின் இயக்குநர். வர்ஜீனியா தன் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரான ஜெனிஃபர் மெக்லெல்லனை அங்கே அனுப்ப 2023 வரை ஆனது என்பதையும் அன்று பேசினோம்.

அந்தக் கூட்டத்தில் முளைத்ததுதான் பிள்ளை பார்க்கும் திட்டம். நகர மன்றக் கூட்டம் மாலையில் நடக்கிறது. கடை வைத்திருக்கும் தாய்மார் அங்கே எழுந்து பேசவேண்டுமென்றால் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பெரியம்மாக்கள் மூன்று பேர் நூலக அறையில் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். போன மாதமே பல்லாங்குழிக்கு இரண்டாவது பலகை வாங்கவேண்டியதாயிற்று.

கணக்கு விவரம் பொருளாளர் அறிக்கையில். கையிருப்பு 31 டாலர் 61 சென்டைவிட அதிகம்தான்.

வரும் பொங்கலுக்கும் அதே சமையல்காரப் பெண்மணியிடமே சொல்லியிருக்கிறோம். யோசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். முன்பணம் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. ரசீது கோப்பில் இருக்கிறது.

செயலாளர்