ஜப்பான் செண்டாயிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் பிள்ளைங்களும் நலமா? இங்கே பனி விழ ஆரம்பிச்சாச்சு. ராத்திரி மண்ணெண்ணெய் ஹீட்டரை அணைச்சா விரலெல்லாம் விறைச்சுப் போகுது.

முதியோர் இல்லத்து வேலை பழகிடுச்சு. அங்கே ஒரு பாட்டியோட மகனை 2011 மார்ச் 11 சுனாமி கொண்டுபோச்சு, உடம்பு கிடைக்கலை. அவரை மாதிரி 2,500 பேருக்கு மேல இன்னும் காணாமப் போனவங்க கணக்குலதான் இருக்காங்க. 11-ம் தேதி போலீஸ்காரங்க கடற்கரை மணலைக் கிளறித் தேடுறதை டிவியில காட்டினா, பாட்டி சாப்ஸ்டிக்கைக் கீழே வெச்சிடுவாங்க. நியூஸ் முடியிற வரைக்கும் ஒரு வாய் இறங்காது. நம்ம வீடும் அப்படித்தானேக்கா இருந்துச்சு.

போன வாரம் 'சுசூமே' அனிமே பார்த்தேன். 2022-ல மகோடோ ஷின்காய் எடுத்த படம். பாழடைஞ்ச இடங்கள்ல தானா நிக்கிற கதவுகளை ஒரு பொண்ணு தேடித் தேடிப் பூட்டுறா. பூட்டலைன்னா உள்ளேயிருந்து ராட்சசப் புழு கிளம்பி பூகம்பம் வரும். அவளுக்கு நாலு வயசுல, இதே மார்ச் 11 சுனாமியில, அம்மா போயிட்டாங்க. பழைய டைரியைப் புரட்டுறா, அன்னிலேருந்து பக்கம் பக்கமா கறுப்பு கிரேயான்தான். எனக்கும் 2004-ல நாலு வயசு. முகாம்ல கண்ட சேலைத் தலைப்பையெல்லாம் பிடிச்சு இழுத்தேன்னு நீதான் சொல்லியிருக்கே.

ஆனா நான் அழுதது அவ சித்திக்காக. கல்யாணம்கூடப் பண்ணிக்காம அவளை வளர்த்தவங்க. வழியில வண்டியை நிறுத்தின இடத்துல, உன்னால என் வாழ்க்கையே போச்சுன்னு கத்திடுறாங்க. அப்புறம் சைக்கிள்ல அவளைப் பின்னாடி உட்கார வெச்சு மிதிக்கிறப்ப, அப்படி நினைச்சது நிஜம்தான், ஆனா அது மட்டுமே இல்லைன்னு சொல்றாங்க. நீ ஒருநாளும் கத்தினதில்லை. பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டு, கருவாட்டுக் கூடை சுமந்து என்னைப் படிக்க வெச்சே. மனசுக்குள்ள அப்படி ஒரு கோபம் இருந்தா எங்கிட்ட சொல்லுக்கா. நான் கேட்டுக்கிறேன்.

படத்துல அம்மா திரும்பி வரலை. அம்மாவைத் தேடி அழுற குட்டிப் பொண்ணுகிட்ட, வளர்ந்த அவளேதான் போய், அம்மா செஞ்சு கொடுத்த நாற்காலியைக் கையில கொடுத்து, நீ வளர்ந்துடுவேன்னு சொல்றா. மந்திரம் மாயம்னு எதையாவது காட்டி அம்மாவை வரவழைக்காம விட்டதுதான் எனக்குச் சரின்னு பட்டது.

யார் சொல்லியும் அம்மா போட்டோவுக்கு நீ இன்னும் மாலை போடலை. இனி யாரும் உன்னை வற்புறுத்த வேண்டாம், அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். 26-ம் தேதி ஊரே கடல்ல பால் ஊத்தப் போகும். உனக்கும் போகத் தோணுச்சுன்னா வீடியோ கால் போடு, நானும் கூட இருக்கேன். அன்னிக்கு லீவு சொல்லிட்டேன். பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் அனுப்பியிருக்கேன், வந்துச்சான்னு பாரு.

உன் தம்பி