அந்த ஆயிரத்தில் ஒருத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'உலக சுகாதார நிறுவனம் நிர்ணயித்தபடி ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவர் வந்துவிட்டால், பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். படித்து நெகிழ்ந்து போனேன். அந்த ஒருவர் நான்தானே!

எனக்கு வயது 71. ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டு ஒன்பது வருடமாகிறது. வலது கை நடுங்குகிறது. ஆனாலும் மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் என் பெயர் பத்திரமாக இருக்கிறது; தங்கள் கணக்கில் நானும் ஒரு டாக்டர். என்னோடு படித்து வெளிநாட்டில் குடியேறியவர்கள் பெயரும் இருக்கிறது, காலமாகிவிட்ட இருவர் பெயரும்கூட. எங்களை நம்பியிருக்கும் ஆயிரமாயிரம் பேரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் அப்படியொரு விகிதத்தை எந்த நாட்டுக்கும் விதிக்கவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. அது சொன்னது, 2006-இல் 10,000 பேருக்கு ஏறத்தாழ 23, 2016-இல் 44.5. அதுவும் மருத்துவர், செவிலியர், பேறுகாலச் செவிலியர் எல்லோரையும் சேர்த்து. செவிலியரைத் தாங்கள் மறந்துவிட்டீர்கள். எல்லோரும் மறப்பதுதான்.

நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். வேலை பார்த்த இடத்தில் மகப்பேறு மருத்துவர்கள் மூன்று பேர். மயக்க மருந்துக்கு நான் ஒருத்தி. நான் லீவு போட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குப் பூட்டு. என் அம்மா இறந்த மறுநாள் இரவு போன் வந்தது. சிசேரியன், வேறு ஆளில்லை. போனேன். விகிதப்படி பார்த்தால் அன்றைக்கும் அங்கே டாக்டர்களுக்குக் குறைவில்லை. என்னைப் போல இன்னொருத்தி வேண்டுமென்றால், அதற்குப் பத்து வருடம் முன்பே யாராவது யோசித்து அவளைக் கல்லூரியில் சேர்த்திருக்க வேண்டும்.

டாக்டர்களை எண்ணிக் கணக்குப் போட்டு ஏமாந்தவர்களும் ஏற்கெனவே உண்டு. பிரிட்டனில் அரசு அமைத்த வில்லிங்க் குழு, 1957-இல் மருத்துவ மாணவர் சேர்க்கையைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னது. அறுபதுகளில் அங்கே ஆஸ்பத்திரிகளைத் தாங்கிப் பிடித்ததில் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போன டாக்டர்களுக்குப் பெரும் பங்கு. அமெரிக்காவில் 1980-இல் ஒரு குழு, பத்தே வருடத்தில் 70,000 டாக்டர்கள் மிகையாகிவிடுவார்கள் என்றது. 2006-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், சேர்க்கையை 30 சதவீதம் கூட்டுங்கள் என்றது. இதையெல்லாம் இரண்டு வருடம் முன்பே தங்களுக்கு எழுதினேன். தங்கள் மருத்துவ மலரைப் பாராட்டிய முதல் இரண்டு வரி மட்டும் பிரசுரமானது.

இளம் டாக்டர்கள் தொலைதூர ஊர்களுக்குப் போக மறுக்கிறார்கள் என்று கார்ட்டூன் வேறு போட்டீர்கள். எனக்குத் தந்த குவார்ட்டர்ஸில் கழிவறைக்குக் கதவு கிடையாது. அதை வரைய தங்கள் ஓவியருக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை போலும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை எண்ணிக்கை போடும்போது 'பதிவு செய்தவர்கள்', 'பணியில் இருப்பவர்கள்' என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இரண்டாவது எண் கிடைக்கவில்லையென்றால், கிடைக்கவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவர்
(பதிவேட்டின்படி பணியில்)