மறைந்த தன்னார்வலரின் நினைவாக அலுவலகச் சாய்தளத்தைச் சீரமைக்கக் கோரும் மனு

பெறுநர்: ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து முன்பு அளித்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டுமே வந்தது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மனு எழுதிக்கொடுத்து, தங்கள் அலுவலகம் வரை உடன் வந்த அம்மையாரைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அவர் மறைவுக்குப் பின் கூட்ட அரங்கில் அவர் படத்தைத் திறக்க முன்வந்ததற்கு நன்றி. ஆனால் அவர் கடைசிவரை கேட்டது முன்வாசல் சாய்தளத்தைத்தான்.

1. வாசல் உயரம் 45 செ.மீ. 1:12 சரிவுக்கு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இருப்பது 2 மீட்டர். ஏறும்போது சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்கின்றன. இறங்கும்போது தள்ளுபவரின் பிடியை மீறி ஓடுகிறது. அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்பது சரியல்ல: சுவரை ஒட்டி 2.7 மீட்டர், திரும்ப 1.5 மீட்டர் சமதளம், மறுபடி 2.7 மீட்டர் என மடக்கிக் கட்டலாம்.

2. கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உள்ளது. பக்கவாதம் வந்தவர் வலக்கையால் பிடித்து ஏறினால், இறங்கும்போது அது செயலற்ற இடக்கைப் பக்கம் வந்துவிடும். இருபுறமும் வேண்டும்.

3. உச்சியில் சமதளமே இல்லை. கதவோ வெளிப்பக்கம் திறக்கிறது. ஒரு கையால் சக்கரத்தை இறுக்கிக்கொண்டு மறுகையால் கதவை இழுக்க வேண்டும். இழுத்த கதவு முழங்காலில் இடிக்கும்; பின்வாங்கினால் சரிவு. ஐயா, இதை இன்னும் எத்தனை முறை எழுதுவது? உள்ளே வர முடியாதவரிடம் வாசலிலேயே கைநாட்டு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்க வந்தவர், அதிகாரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறார். அம்மையார் மன்றாடியது இதற்குத்தானே! அவர் படத்தை உள்ளே மாட்டிவிட்டால், அவர் யாருக்காக அலைந்தாரோ அவர்கள் எப்படி வந்து பார்ப்பார்கள்? உச்சியில் 1.5 மீட்டர் சமதளம் அமையுங்கள், பக்கவாட்டில் நகரும் கதவு போடுங்கள்.

4. வழவழப்பான ஓடு மழையில் வழுக்குகிறது. கீழே வடிகால் மூடியின் இடைவெளிகள் சக்கரம் செல்லும் திசையிலேயே இருப்பதால் முன்சக்கரம் சிக்குகிறது. குறுக்கே நிற்கும் இருசக்கர வாகனங்களைத் தாங்களே பார்க்கிறீர்கள்.

ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு பொதுக் கட்டடங்களுக்கும் பொருந்தும். நாங்கள் சலுகை கேட்கவில்லை.

ஆகவே முதலில் சாய்தளத்தைச் சீரமைத்து, அதற்கே அம்மையாரின் பெயரைச் சூட்டுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வேலை முடிந்ததும் 120 செ.மீ. பலகையைச் சரிவில் வைத்து, அதன்மேல் வைத்த ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) சமம் காட்டும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கிப் பாருங்கள். முனைக்கடியில் இடைவெளி 10 செ.மீ.யைத் தாண்டினால் சரிவு 1:12-ஐவிடச் செங்குத்து என்று பொருள்; அப்போது தயவுசெய்து ஒப்பந்ததாரரின் பில்லில் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
முதியோர், மாற்றுத்திறனாளிகள் மற்றும் அவர்தம் குடும்பத்தார்

இணைப்பு: சாய்தள வரைபடம், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்