பத்து மணிக்கு வந்தால் வேடந்தாங்கலில் என்ன தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேடந்தாங்கலுக்கு வருகிறார்கள். பலர் வந்து இறங்குவது காலை பத்து, பதினோரு மணிக்கு. கரையில் ஒரு நடை நடந்து, தூரத்து மரங்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்று படம் எடுத்துவிட்டு, "இதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்று முணுமுணுத்தபடி திரும்புகிறார்கள். குறை பறவைகளிடம் இல்லை. மார்கழியில் ஏரியானாலும் வாசல் கோலமானாலும் விடியலை ஒட்டிய இரண்டு மணி நேரத்தில்தான் களைகட்டும்.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். தாம்பரத்தை நாலரைக்கெல்லாம் தாண்டிவிட்டால் வெளுக்கும் நேரத்தில் கரையில் நிற்கலாம். இணையில் ஒன்று கூட்டில் இருக்க, மற்றது சுற்றுவட்டார ஏரிகளுக்கும் நெல் வயல்களுக்கும் இரைக்குப் புறப்படும் நேரம் அது. நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே உள்ள இடைவெளி, கரண்டிவாயனின் தட்டையான மூக்கு, பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவது எல்லாம் சாய்ந்த வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். நடுப்பகலில் பறவைகள் இல்லாமல் போகாது. ஆனால் அசைவு குறைந்துவிடும். தாய்ப்பறவை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி நிற்கும். விடியலைத் தவறவிட்டவர்கள் மாலை நாலரை மணிக்கு மேல் வரலாம், போன கூட்டம் திரும்பும் நேரம்.

புறப்படுமுன் விசாரிக்க வேண்டியது ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்பதைத்தான். கூடு கட்டும் மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவை. நரியும் பூனையும் கூட்டை நெருங்காமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் ஏரி நிரம்பாது, பறவைகளும் தங்காது. மழை நன்றாகப் பெய்திருந்தாலும் டிசம்பர் கடைசியில் எல்லா இனமும் ஒரே கட்டத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நத்தைகுத்தி முந்திக் கூடு கட்டும், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் சற்றுப் பிந்தி.

பைனாகுலர் வாங்குவோர் பெட்டியில் 8x42 என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்கலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். கடைவீதியில் இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விற்பவற்றைக் கையில் பிடித்தால் காட்சி ஆடும், விடியற்காலை வெளிச்சத்தில் இருட்டாகவும் தெரியும். பிள்ளைகளுக்கு மங்கலான நிறத்தில் உடுப்புப் போடுங்கள். ஒலிபெருக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நேரம் மிஞ்சினால் பக்கத்தில் கரிக்கிலி இருக்கிறது. வேடந்தாங்கலைப் போலவே 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஏரி. வாத்தும் உள்ளானும் பார்க்க விரும்புவோருக்குத் தோதான இடம், கூட்டமும் குறைவு. திரும்பும் வழியில் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில். வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் கேட்டு உத்தரவு வாங்கியதும், 1798 மழையில் மதுராந்தகம் ஏரிக்கரையில் வில்லேந்திய இருவரைக் கண்டதாகக் கதை சொல்வதும் ஒரே கலெக்டரைச் சுற்றித்தான்: அன்றைய செங்கல்பட்டு ஆங்கிலேயக் கலெக்டர் லயோனல் பிளேஸ். பிள்ளைகளுக்குச் சொல்ல இது போதாதா!

இனி வாசலுக்கு வருவோம். மார்கழிக் கோலம் சொதப்புவதற்கு முதல் காரணம் ஈரம். தண்ணீர் தெளித்துக் கூட்டியதும் உடனே போட்டால் மாவு ஊறி இழை தடித்துவிடும். தரை நன்றாகக் காய்ந்துவிட்டால் காற்று அள்ளிக்கொண்டு போகும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, தண்ணீர் தேங்காமல் தரை கறுத்திருக்கும்போது போட வேண்டும். வெறும் அரிசி மாவு, அதிலும் நைசாக அரைத்தது, விரலில் ஒட்டிக்கொண்டு விட்டு விட்டு விழும். சற்றுக் கரகரப்பாக அரைத்த அரிசி மாவு ஒரு பங்குக்கு வெள்ளைக் கோலப்பொடி நாலு பங்கு கலந்தால் இழை சீராக வரும், எறும்புக்கும் கொஞ்சம் கிடைக்கும். மழை நாளில் டப்பாவிலேயே பொடி கட்டி தட்டும். வெயில் வந்த அன்று உலர்த்திச் சலித்து வையுங்கள்.

15 புள்ளி, இடைப்புள்ளி (முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வைப்பது), 8 வரை என்ற கோலத்தை எடுத்துக்கொள்வோம். நடு வரிசையில் 15 புள்ளி, பிறகு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-இல் முடியும். மொத்தம் 169 புள்ளி. நடு வரிசையை முதலில் வையுங்கள், மேலிருந்து தொடங்கினால் கோணல் கடைசி வரை பின்தொடரும். பெரும்பாலோர் செய்யும் பிழை, புள்ளிக்குப் புள்ளி விடும் இடைவெளியையே வரிசைக்கு வரிசையும் விடுவது. அப்படிச் செய்தால் கோலம் நெட்டையாக நீண்டுவிடும். புள்ளிகளுக்கிடையே மூன்று அங்குலம் என்றால் வரிசைகளுக்கிடையே இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் போதும். கோலம் மூன்றரை அடி அகலம் வரும், வாசலை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

மழை விடாத நாளில் திண்ணையிலோ கூடத்திலோ மாக்கோலம் போடலாம். ஒரு டம்ளர் பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கவும் பாலைவிடக் கெட்டியாகவும் கரைக்க வேண்டும். சின்னத் துணியை நனைத்துக் கையில் பிடித்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியே இழை இறங்கும். போட்டவுடன் மங்கலாகத்தான் தெரியும், காய்ந்தபின் வெளுக்கும். தெரியவில்லையே என்று அதன்மேலேயே இன்னொரு முறை இழுத்தால் மறுநாள் செதில் செதிலாக உரியும்.

சாணி உருண்டையில் செருகும் பூசணிப்பூவுக்கும் விடியற்கணக்குதான், உச்சிவேளைக்குள் சுருண்டுவிடும். அடியில் பிஞ்சு இல்லாத, காம்பு நீண்ட ஆண் பூவைப் பறியுங்கள். அதிலும் சிலவற்றைக் கொடியில் விடுங்கள், இல்லாவிட்டால் காய் பிடிக்காது.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேண்டுவோர் டிசம்பர் 14, 15 தேதிகளில் கேழ்வரகை இரவு ஊறவைத்து, இரண்டு விரல் உயர மண் போட்ட தட்டில் நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் சாக்கால் மூடி வைக்கலாம். தண்ணீரைத் தெளிக்க வேண்டுமே தவிர ஊற்றக் கூடாது, பூஞ்சை பிடித்துவிடும். வைக்கோல் குடிலுக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்துக்கு 9 வாட் எல்.இ.டி. தாராளம். பழைய 60 வாட் குண்டு பல்பு காகிதத்தைப் பொசுக்கும். வயர் ஹோல்டருக்கு நேராக இறங்காமல், கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பழைய சீரியல் செட்டில் போன பல்பை நீக்கிவிட்டு வயரை முறுக்கி இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாற்பது 6 வோல்ட் பல்புகள் பகிர்ந்துகொண்ட மின்னழுத்தத்தை முப்பத்தைந்து பகிர்ந்தால் மற்றவையும் சீக்கிரம் போகும். இரும்பு கேட்டிலும் கிரில்லிலும் சீரியல் செட்டைச் சுற்றவே கூடாது. தோல் உரிந்த ஓரிடம் பனியில் நனைந்தால் போதும், கேட்டைத் தொடுகிறவருக்கு ஷாக்.

பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தைத் தங்கள் நாளிதழ் மழைக்காலத்தில் வெளியிடுவதைப் போல, டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கல், கரிக்கிலி ஏரிகளின் நீர் இருப்பையும் வாரம் ஒரு வரி போட்டால் விடுமுறைக்கு வருவோர் வெறும் ஏரியைப் பார்த்துத் திரும்ப நேராது.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
மதுராந்தகம்