தீர்த்தம் தெளிப்பது அறியாமை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மீனவர்களைப் பற்றி வந்த கட்டுரையில், 'ஜி.பி.எஸ். வந்த பிறகும் படகுக்குத் தீர்த்தம் தெளிக்கும் அறியாமை மாறவில்லை' என்று ஒரு வரி. அதற்கப்புறம் கட்டுரையில் வேறெதுவும் மனதில் ஏறவில்லை.

என் கணவர் தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். கரையில் நின்றே இழுக்கும் கரைமடி வலைக்குப் போகிற நாளில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்துவிடுவார், அவ்வளவுதான். அதே மனுஷன் வாரக்கணக்கில் தங்குகடலுக்குக் கிளம்பும்போது பங்குத்தந்தை வந்து என்ஜின், ஐஸ் அறை, வீல்ஹவுஸ் எல்லாம் மந்திரிக்க வேண்டும். அதுவும் டீசல், ஐஸ், வயர்லெஸ் எல்லாம் சரிபார்த்த பிறகுதான். தீர்த்தத்தை நம்பி டீசலைக் குறைத்துப் போட்டவரை நான் பார்த்ததில்லை.

1915-18 காலத்தில் நியூகினிக்குக் கிழக்கே டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கி மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி எழுதியது தாங்கள் அறியாததல்ல. அமைதியான காயலில் மீன் பிடிக்க அந்த மக்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை; ஆபத்தான வெளிக்கடலுக்குத்தான் சடங்கு. அவர்களை அறிவில்லாதவர்கள் என்று அவர் எழுதவில்லை. கைத்திறமை எட்டாத இடத்தில்தான் மந்திரம் வருகிறது என்றார்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ஆட்கள் நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே கிளம்பியவர்கள். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. என் கொழுந்தனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோம். அந்த வாரமும் தங்கள் நாளிதழ் 'எச்சரிக்கையை மீறிச் சென்ற மீனவர்கள்' என்றுதான் எழுதியது. மறுப்பு எழுதினேன், பிரசுரமாகவில்லை.

தினமும் அரைப் பக்கம் ராசிபலன் போடுகிறீர்கள். குருப்பெயர்ச்சிக்குத் தனி மலரே வருகிறது. போடக்கூடாது என்று சொல்ல மாட்டேன். பரீட்சைக்கும் ஆபரேஷனுக்கும் போகிறவர்களுக்கும் பயம் உண்டு, நாள் பார்ப்பார்கள். அவர்களை யாரும் அறியாமை என்று எழுதியதில்லையே ஐயா, எங்களை மட்டும் ஏன்?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் அலை உயரம், காற்றின் வேகம் பற்றிய முன்னறிவிப்பைத் தினமும் வெளியிடுகிறது. குமரிக் கடலுக்கு உரியதை ராசிபலன் பக்கத்தில் நாலு வரியாகவாவது போடுங்கள். சின்ன எழுத்தானாலும் சரி, வாசித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்