தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் நலம். புதன்கிழமை நான் படிக்கப் போகிறேன் என்றதும் "இந்த வயசுல எதுக்கும்மா" என்றாய். அப்புறம் பேச்சே இல்லை. போனில் எனக்குக் கோவையாகச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் படிக்க ஆசை. பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்களுக்கு, அதாவது கோயிலில் ஆடும் பெண்களுக்கு, வீடும், ஆளுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததை வெட்டி வைத்திருக்கிறானே, அதில் ஒவ்வொருத்திக்கும் விலாசம் உண்டு. தெற்குத் தளிச்சேரி (அவர்கள் குடியிருந்த தெரு), தென்சிறகு (தெற்கு வரிசை), தலைவீடு (முதல் வீடு). அடுத்தவள் இரண்டாம் வீடு. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதும் இருக்கிறது. அந்தக் கால எழுத்தில் புள்ளி கிடையாது, கொ-வா கோ-வா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். காலமெல்லாம் தபால் பிரித்தவளுக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

சனி, ஞாயிறு பெரிய கடைத்தெருப் பாத்திரக் கடையில் கணக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை அமெரிக்காவில் இருக்க இது தேவையா என்று பெரியத்தை கேட்டாள். கணக்கில் 200-க்கு 200 வாங்கிய பிள்ளை, அம்மா கணக்கு எழுதுவதற்கு வெட்கப்பட மாட்டான் என்றேன். நீ வெட்கப்படுகிறாயா?

பஸ், பீஸ் எல்லாம் அதிலேயே ஆகிவிடும். பென்ஷன் இருக்கிறது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. இனிமேல் பணம் அனுப்பாதே. போன மாதம் தாமதமானதற்காகச் சொல்லவில்லை. அனுப்பாதே, அவ்வளவுதான்.

புதன்கிழமை நீ பேசும்போது இங்கே இரவு 11 மணி, அங்கே பட்டப்பகல். பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை என்றாய். சரி. எதிர்வீட்டுப் பையனுக்கு அங்கே வேலை போய்விட்டதாம். 60 நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டுமாமே? அவன் அம்மாவிடம் சொல்லாமலே இருந்திருக்கிறான். மில் மூடிய வருஷம் அப்பா தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனாரே, உனக்கு நினைவிருக்கும். மில் மூடியதற்கு அவர் என்ன செய்வார்? என்னிடம் சொல்லாமல் தனியாகத் தூக்கிச் சுமந்தாரே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. பணம் அனுப்பாதே.

என் டிகிரி சர்டிபிகேட் உன் ரூம் பீரோவில் இருந்தது, எடுத்துவிட்டேன். ரூமுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன், கட்டில் அங்கேயே இருக்கட்டும். நம் தெருமுனைப் பள்ளியில் குட்டி வயசுப் பிள்ளைகளை வருஷ நடுவிலும் சேர்த்துக்கொள்வார்களாம். சும்மா கேட்டு வைத்தேன்.

அன்புடன்,
அம்மா