மணப்பாடு போறவங்க ஊரோட நேரத்துக்குப் போங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல லீவுக்குப் போற சின்னச் சின்ன கடலோர ஊருன்னு ஒரு தொகுப்பு போட்டிருந்தீங்க, அதுல எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மணப்பாடும் இருந்துச்சு, கோயில் மேட்டுல இருந்து எடுத்த போட்டோ அவ்வளவு அழகு. ஆனா அதுக்குக் கீழ ஒரு வரி இருந்துச்சு, திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டு கன்னியாகுமரி போற வழியில ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும்னு. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம் எழுதுறேன். நாங்க விருதுநகர்ல இருந்து லீவு விட்டா அங்க போயிட்டு வர்ற குடும்பம், ஒரு மணி நேரக் கூட்டம் கார்ல வந்து இறங்குறப்ப அந்த ஊரு என்ன பாடு படுதுன்னு பாத்துட்டு வர்றோம். அந்த ஊருக்குன்னு ஒரு நேரம் இருக்கு சார், நாம அதுக்குத் தக்க போனா நமக்கும் நல்லது அவங்களுக்கும் தொந்தரவு இல்ல.

மீனையே எடுத்துக்கோங்க. பாதிப்பேரு ஞாயித்துக்கிழமை மத்தியானமா வந்து இறங்கி மீன் எங்க கிடைக்கும்னு கேக்கறாங்க. அது கத்தோலிக்க மீனவ ஊரு, ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, பைபர் போட்டெல்லாம் கரையில வரிசையா ஏத்தி வச்சிருப்பாங்க, பூசை முடிஞ்சு வீட்ல இருப்பாங்க. அன்னிக்குப் போயி மீன் இல்லன்னு முகம் சுளிச்சா என்ன அர்த்தம். கிழமை நாள்ல விடியக்காலம் போயி நில்லுங்க, ராத்திரி போன போட்டு ஒண்ணொண்ணா வந்து சேரும், வலையைக் கரையில இழுத்துப் போட்டு மீனை உதறுவாங்க, சாளை, ஊளி, கணவாய்னு பிரிச்சு அங்கேயே மணல்ல வச்சு ஏலம் நடக்கும், வாங்க வர்ற பெண்கள் பேரம் பேசுற வேகத்துல நமக்கு விலையே காதுல ஏறாது. அந்த நேரத்துல செல்போனைத் தூக்கிட்டு நடுவுல போயி நிக்காம ஒரு ஓரமா நின்னு பாக்கணும், ஏன்னா வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கிடும், நாம ஒரு ரீல்ஸ் எடுக்குறதுக்குள்ள ஒரு குடும்பத்தோட ராத்திரி உழைப்பு இளகிப் போயிடும். இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்னு எல்லாருக்கும் தெரியும், அது விசைப்படகுக்குத்தான், சின்ன பைபர் போட்டும் வள்ளமும் போகலாம். அதனால மே மாச லீவுக்குப் போனாலும் மணப்பாட்டுக் கரையில போட்டு வந்து சேர்றதைப் பாக்கலாம்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன், கடல்ல இறங்குற விஷயம். உங்க தொகுப்புல குளிக்க ஏத்த கடற்கரைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க. மணப்பாட்டுல கடல் ஒரே மாதிரி கிடையாது. மேடு கடலுக்குள்ள மூக்கை நீட்டிட்டு நிக்குது, அதோட ஒரு பக்கம் தண்ணி அமைதியா கிடக்கும், மறுபக்கம் அலை வந்து பாறையில அடிக்கும், கருமேனியாறு கடல்ல சேர்ற பொழிமுகத்துல மேல பாத்தா முழங்கால் தண்ணி தான், ஆனா அடியில மண்ணு அரிச்சு இழுத்துட்டுப் போகும், இன்னிக்கு நின்ன இடத்துல நாளைக்கு நிக்க முடியாது. இதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? வலை பின்னிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட நான் போயி "ஐயா, பிள்ளைங்க இங்க இறங்கலாமா"ன்னு கேட்டேன். அவரு கடலை ஒரு தடவை பாத்துட்டு, "இன்னிக்கு நீவாடு சரியில்ல எம்மா, அந்தப் பக்கம் விடாதிய, இந்தா இந்த மடக்குல வேணா காலை நனைக்கச் சொல்லுங்க"ன்னாரு. எங்க கண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒரே தண்ணியாத்தான் தெரிஞ்சுது. நீவாடுன்னா நீரோட்டம், அது எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு இழுப்புன்னு அவங்களுக்குக் கரையில நின்னு பாத்தாலே தெரியுது, அந்த அறிவு ஓசியா கிடைக்குது, வாயைத் திறந்து கேட்டா போதும்.

2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் பீச்சுல என்ன நடந்துச்சுன்னு உங்க பத்திரிகையிலயும் வந்திருக்கும். படிச்சு முடிக்கப் போற டாக்டர் பிள்ளைங்க அஞ்சு பேரு அலையில போயிட்டாங்க. அந்தச் சமயத்துல கள்ளக்கடல் எச்சரிக்கை அமல்ல இருந்துச்சு. கள்ளக்கடல்னா எங்கேயோ தெக்க இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயல்காத்துல கிளம்புன அலை சில நாள் கழிச்சு நம்ம கரைக்கு வந்து சேர்றது, இங்க காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், அதனால டூர் வர்றவங்களுக்கு சந்தேகமே வராது. மீனவங்க அன்னிக்குப் போட்டை மேல ஏத்தி வச்சிருப்பாங்க. கரையில எல்லாப் போட்டும் மேல ஏறி நிக்குது, அன்னிக்கு ஞாயித்துக்கிழமையும் இல்லன்னா, நாமளும் தண்ணியில இறங்கக் கூடாது, இவ்வளவு தான் கணக்கு. ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ் நிறுவனம் இந்த அலை எச்சரிக்கையெல்லாம் முன்கூட்டியே போடுறாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் பாக்குற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு வரணும். ரூம் புக் பண்ண அரை நாள் செலவு பண்றோம், இதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகாதா.

கச்சான்னு சொல்ற மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள் வேற மாதிரி. ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் மேட்டு மேல நிக்க முடியாது, மணலு முகத்துல குத்தும். பட்டம் கட்டிட்டு அலையில சறுக்குறவங்க அந்தக் காத்துக்காகவே தூரத்துல இருந்து வர்றாங்க, ஆனா கைக்குழந்தையோட போறவங்களுக்கு அது தோதுப்படாது.

கோயிலைப் பத்தி நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, 1542ல சவேரியார் வந்தது, கடலைப் பாத்த குகையில தங்குனது, 1581ல கட்டுன திருச்சிலுவை ஆலயம் எல்லாம். புயல்ல சிக்குன போர்த்துகீசியக் கப்பல்காரர் உயிர் பிழைச்சா இங்க சிலுவை நடுறேன்னு நேர்ந்துக்கிட்டு உடைஞ்ச பாய்மரத்துல சிலுவை செஞ்சு நட்டாருன்னு ஊர்ல சொல்ற கதையையும் சேத்திருக்கலாம், அதை அந்த ஊர்ப் பாட்டிங்க வாயால கேக்கணும், அவ்வளவு நல்லா இருக்கும். ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. அது அவங்க தினமும் கும்பிடுற கோயில். பூசை நடக்குறப்ப ஈர டிரஸ்ஸோட உள்ள வந்து பீடத்துக்குப் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்தவங்களை நானே பாத்தேன், யாரும் எதுவும் சொல்லல, முட்டி போட்டிருந்த ஒரு அம்மா எந்திரிச்சு ஓரமா நகர்ந்து உக்காந்தாங்க. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நம்ம குலசாமி கோயில்ல யாராவது இப்படிச் செஞ்சா நாம சும்மா இருப்போமா? செப்டம்பர் 14 முடிய நடக்குற சிலுவைத் திருவிழாவுக்கு வெளியூர்க்காரங்க எல்லா மதத்துலயும் வர்றாங்க, அவங்க அமைதியா வந்து கும்பிட்டுப் போறாங்க, அதனால ஊர்க்காரங்க வெளியாளை வேணாம்னு சொல்ற ரகம் இல்ல, பொழுதுபோக்கா நினைச்சு உள்ள வர்றதைத்தான் அவங்களால தாங்க முடியல.

தெருக்குள்ள நடந்து பாக்காம யாரும் திரும்ப வேணாம், இதையும் தயவு செஞ்சு எழுதுங்க. ஒரு காலத்துல கொழும்புல வியாபாரம் பண்ணி சம்பாதிச்சவங்க கட்டுன பெரிய பெரிய வீடுங்க இன்னும் நிக்குது, உயரமான தூணு, மர மாடி, கலர் கண்ணாடி, பல வீடு பூட்டிக் கிடக்கு, திருவிழாவுக்கு மட்டும் திறக்குறதும் உண்டுன்னு சொன்னாங்க. சாயங்காலம் திண்ணையில உக்காந்து பெண்கள் பனை ஓலையில பெட்டி, கூடை, தட்டு முடைவாங்க, சாயம் போட்ட ஓலையை விரல் பாக்காமலே மடக்கி மடக்கிப் போற அழகை என் பொண்ணு அசையாம உக்காந்து பாத்துட்டு இருந்தா. பக்கத்து உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது, அங்க தேரிக்காடுன்னு சொல்ற செம்மணல் காட்டுப் பனை தான் ஓலைக்கும் ஆதாரம். நாலு பேரு நின்னு ஒரு பெட்டி வாங்குனா அந்தக் காசு நேரா அந்த வீட்டுக்குப் போகுது. ஒரு மணி நேரத்துல வந்து போறவங்க தண்ணி பாட்டிலும் சிப்ஸ் கவரும் தான் விட்டுட்டுப் போறாங்க, இன்னும் சிலபேரு பீர் பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டுப் போறாங்க. அந்த மணல்ல வெறுங்காலோட நடந்து வலை இழுக்குறவங்க காலு என்னாகும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாக்க வேணாமா.

இனிமே கூட்டம் இன்னும் ஏறும். பக்கத்து குலசேகரப்பட்டினத்துல 2024 பிப்ரவரி 28ல இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு, சின்ன ராக்கெட் இலங்கையைச் சுத்திப் போகாம நேரா தெக்க போகலாம்ங்கறதுக்காக அந்த இடம். நாட்டுக்குப் பெருமை தான், எனக்கும் சந்தோஷம் தான். ஆனா ராக்கெட் விடுற நாள்ல கடலுக்குப் போகலாமா கூடாதான்னு மீனவங்க இப்பவே கவலைப்படறாங்க, பாக்க வர்ற ஜனம் எங்க தங்கும், எங்க பாத்ரூம் போகும்னு கரையோர ஊரெல்லாம் யோசிக்குது. எந்த ஊரா இருந்தாலும் சுற்றுலான்னு விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி கழிப்பறையும், குப்பை எடுக்க ஆளும், எந்தப் பக்கம் இறங்கலாம் இறங்கக் கூடாதுன்னு மீனவங்களைக் கேட்டு எழுதுன போர்டும் வரணும். இப்போதைக்கு வெளியூர்ப் பெண்கள் அவசரத்துக்கு வீட்டுக் கதவைத்தான் தட்டறாங்க, அவங்களும் முகம் கோணாம உள்ள விடறாங்க, எத்தனை நாளைக்கு அப்படி?

உங்க இதழை நம்பி கிளம்புற குடும்பம் நிறைய, அதனால தான் உங்ககிட்ட உரிமையோட கேக்கறேன். அடுத்த தடவை கடலோர ஊரு பத்தி போடுறப்ப ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெட்டிச் செய்தி சேருங்க, எந்தக் கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, எந்த மாசம் காத்து அதிகம், எந்தப் பக்கம் ஆபத்து, பூசை நேரம், கடலோரக் காவல் குழுமத்தோட இலவச நம்பர் 1093. இதுக்கு உங்க நிருபர் ஒரு ராத்திரி அங்க தங்கி கரையில இருக்கறவங்ககிட்ட பேசினா போதும், அவங்க நல்லா விவரமா சொல்லுவாங்க. டிசம்பர் இதழுக்குள்ள வந்துட்டா கிறிஸ்துமஸ் லீவுக்குப் போறவங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
விருதுநகர்